அரைக்கிலோ டாலர்

களியக்காவிளையில் டாலர்
எண்பத்தொன்பது ரூபாய் முப்பது பைசா.
பாறசாலையில் இருபது.
பத்துப் பைசாவுக்காக மாநிலம் தாண்டினோம்
நானும் தாசையனும்.

செக்போஸ்டில் எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.
கோழி லாரியின் டயருக்கு மட்டும்
மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள்.
"முதல் எல்லை முடிஞ்சு கேட்டியா" என்றார்.
அறுநூறு டாலருக்கு லாபம் அறுபது ரூபாய்.
போக வர பஸ்ஸுக்கு நாற்பது.
சாயா இரண்டு, பழம்பொரி ஒன்று.
அதற்குமேல் நான் கூட்டிப் பார்க்கவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால்
சஜீவன் என்று சட்டையில் பெயர் குத்திய பையன்
மலையாளத்தில் கேட்டான்,
நாங்கள் தமிழில் சொன்னோம்,
இங்கிலீஷில் எழுதிக்கொண்டான்.
பேர். பாஸ்போர்ட். பான் கார்டு.
"போகுந்ந காரணம்?"

தாசையன் என்னைப் பார்த்தார்.
முப்பத்தொரு வருஷத்தில்
காரணமில்லாமல் நாங்கள் போன ஊர் எது?
ஷீபா தலை திரும்பாமல் கிடந்தபோது திருவனந்தபுரம்.
கொழுந்தன் செத்ததற்கு மதுரை.
நிலத்து வழக்குக்கு நாகர்கோவில், பதினெட்டு தடவை.
"சும்மா" என்றேன்.
டூரிசம் என்று போட்டான்.

நூறு டாலர், ஒற்றை நோட்டு.
நேற்று ஷீட்டு விலை நூற்றி எண்பத்தாறு.
வேண்டாம் வேண்டாம் என்றாலும்
மனசு கணக்குப் போட்டுவிட்டது:
இந்தக் காகிதம் நாற்பத்தெட்டு கிலோ.
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
கோழி கூவுமுன் அஞ்சு வெட்டு,
முந்நூறு மரம், முந்நூறு சிரட்டை,
ஆசிட் விட்டு உறையவைத்து
ரோலரில் தள்ளித் தள்ளி
தொண்ணூறு ஷீட்டு.
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.
ஈசல் சிறகு.

ஆறு நோட்டையும் ஒவ்வொன்றாக
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
கள்ளநோட்டு பார்க்கிறேன் என்று பையன் சிரித்தான்.
ஷீட்டை இப்படித்தான் பார்ப்பார்கள், எனக்குத் தெரியும்:
குமிழ் உண்டா, பூப்பு உண்டா, தூசி உண்டா.
நாலாவது நோட்டின் ஓரத்தில்
கடுகளவு மை.
இந்தக் கடுகுக்கு எங்களிடம்
கிலோவுக்கு எட்டு ரூபாய் குறைக்கிறான் மார்த்தாண்டத்துக்காரன்.
"வேற தா மோனே."
சிரிக்காமல் மாற்றித் தந்தான்.

"அங்கே இது ஒரு கோடியே ஐம்பத்தாறு லட்சம் டோங்" என்றும்
அவன்தான் சொன்னான்.
அப்புறம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்
தாசையன் வேறு நடை நடந்தார்.

மடிக்கக் கூடாதாம். மடிப்பு விழுந்தால்
அங்கே முகம் சுளிப்பார்களாம்.
அவர் இடுப்பு எக்ஸ்ரே இருக்கும் பெரிய கவரில்
முதுகெலும்போடு சேர்த்து வைத்தேன்.
எந்தக் கள்ளன் எக்ஸ்ரே எடுப்பான்?

மாசியில் பயணம்.
இலை கொட்டித் தளிர் விடும்வரை வெட்டு கிடையாது;
மரம் லீவு போட்டால்தான் எங்களுக்கு லீவு.

ராத்திரி அவர் போனைக் காட்டினார்.
மூன்றாம் நாள், விருப்பமிருந்தால்:
ரப்பர் தோட்டம் பார்வையிடல்.
தலைக்குப் பதினைந்து டாலர்.

"ஏழு கிலோ ஷீட்டைக் கொடுத்து
ரப்பர் மரம் பாக்கணுமா?"
கட்டிலே ஆடும்படி சிரித்தேன்.
அவரும் சிரித்து, போனை அணைத்து,
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மின்விசிறி ஓடுகிறது.
அங்கேயும் மாசியில் இலை உதிர்ந்துதான் நிற்குமா?
சிரட்டையா, பிளாஸ்டிக் கோப்பையா?
இடமிருந்து சரித்து வெட்டுவார்களா, வலமிருந்தா?
வெட்டுகிறவள் என் வயசுக்காரியாக இருந்தால்
அவள் கத்தியை ஒருதரம்
வாங்கிப் பார்க்கலாமா?

"தூங்கியாச்சா?" என்றேன்.
"இல்லே."
"முப்பது டாலர்தானே" என்றேன்.